ஸ்டியரிங் இல்லாத வண்டி

பேருந்தில் ஏறியதும் ஓட்டுநருக்கு அருகில் உள்ள இருக்கையைப் பிடிக்க ஓடுபவர்கள் உங்களில் எத்தனை பேர்? சிறு வயதில் நானும் அப்படித்தான். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்க வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

2012ஆம் ஆண்டு ஓர் ஆசிரியர் பயிலரங்குக்காகக் கொல்கத்தா சென்றிருந்தேன். ஒரு நாள் மாலை ஷியாம்பஜாரிலிருந்து எஸ்பிளனேடு செல்லும் டிராம் வண்டியில் ஏறி, வழக்கம்போல் முன்பக்கம் சென்று, ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவருடைய இடது கை ஒரு பித்தளைக் கைப்பிடியின் மேல் இருந்தது. வலது கை பிரேக் கைப்பிடியின் மேல். ஒரு கால், தரையில் இருந்த மணிக்கட்டையின் மேல். அதை மிதித்தால் 'டணங், டணங்' என்று மணி அடிக்கும். அவ்வளவுதான். வண்டியைத் திருப்பும் ஸ்டியரிங் சக்கரம் மட்டும் எங்கும் இல்லை!

இருக்க வேண்டிய தேவையும் இல்லை. வண்டி எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தண்டவாளம் முன்னரே முடிவு செய்துவிட்டது. அப்படியானால் ஓட்டுநருக்கு என்னதான் வேலை? எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவரிடமே கேட்டேன்.

"தாதா, திருப்பும் வேலை இல்லை. அப்படியென்றால் இது எளிய வேலைதானே?"

நான் ஆசிரியன் என்பதை அதற்குள் தெரிந்துகொண்டிருந்த அவர், பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சிரித்தார். "மாஸ்டர்மொஷாய், கிளப்புவதற்கு ஒரு மாதத்தில் பழகிவிடலாம். நிறுத்தப் பழகுவதற்குத்தான் பல வருஷம் ஆகும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு முழு இயற்பியல் பாடம் அடங்கியிருக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

டிராம் வந்த கதை

முதலில் சிறிது வரலாறு. கொல்கத்தாவில் 1873ஆம் ஆண்டு குதிரைகள் இழுக்கும் டிராம் முதன்முதலில் ஓடியது. மின்சார டிராம் அங்கு 1902ஆம் ஆண்டு வந்தது. அதற்கு முன்னரே, 1895ஆம் ஆண்டு மே மாதம், நம் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. 1953 ஏப்ரலில் அது நின்றுபோனது. உங்கள் தாத்தாவின் அப்பா ஒருவேளை அதில் பயணம் செய்திருக்கக்கூடும்!

உலகில் மின்சார டிராமைப் பெரிய அளவில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியவர் பிராங்க் ஸ்பிரேக் என்னும் அமெரிக்கப் பொறியாளர். 1888ஆம் ஆண்டு ரிச்மண்ட் நகரில் அவர் அமைத்த பாதையில், 10 மீட்டர் சென்றால் 1 மீட்டர் ஏற வேண்டிய செங்குத்தான மேடுகளும் இருந்தன. பிறகு சில ஆண்டுகளிலேயே பல நாடுகளின் நகரங்களில் டிராம் பரவியது. மோட்டார் வாகனங்கள் பெருகியபோது பல நகரங்கள் அதைக் கைவிட்டன. கொல்கத்தாவிலும் பாதைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு பாரம்பரியப் பாதையைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு அறிவித்தது. ஆனால் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் போன்ற நகரங்களில் டிராம் இன்றும் மக்களின் அன்றாட ஊர்தியாகும்.

எஃகின் மேல் எஃகு

டிராமின் சக்கரமும் எஃகு, தண்டவாளமும் எஃகு. ரப்பர் டயர் தரையில் படும்போது சற்று நசுங்குகிறது. உருளும்போது ஒவ்வொரு கணமும் அதன் ஒரு பகுதி நசுங்கி நிமிர்வதால் ஆற்றல் வீணாகிறது. எஃகுச் சக்கரமோ மிகச் சிறிதளவே நசுங்கும். சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஏறக்குறைய நமது சுண்டுவிரல் நகத்தின் அளவுதான்.

இதனால் விளையும் நன்மை என்ன? ஒரு டன் எடையைச் சமதளச் சாலையில் ரப்பர் சக்கரங்களின் மேல் உருட்டிச் செல்ல, சுமார் 10 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். தூய்மையான தண்டவாளத்தில் எஃகுச் சக்கரங்களின் மேல் என்றால் சுமார் 2 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையே போதும். குதிரைகளால் ஒரு வண்டி நிறைய மக்களை இழுக்க முடிந்த இரகசியம் இதுவே.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. எளிதாக உருளும் வண்டி, எளிதில் நிற்காது! வண்டியைக் கிளப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள உராய்வே. மோட்டார் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், பிரேக் எவ்வளவு அழுத்தமாகப் பிடித்தாலும், அந்தச் சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் கிடைக்கும் உராய்வுக்கு மேல் ஒரு சிறிதும் பயன் கிடையாது.

நிற்க எவ்வளவு தூரம்?

ஒரு சிறு கணக்குச் செய்வோம். ஒரு வண்டி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் பிடித்து, கிடைக்கும் உராய்வு முழுவதையும் பயன்படுத்திக்கொண்டால், அது நிற்க எடுக்கும் தூரம் இது:

தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் குணகம் × 9.8)

இதில் வண்டியின் நிறை வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கனமான வண்டிக்கு நிலைமம் அதிகம். ஆனால் அது தண்டவாளத்தை அழுத்தும் விசையும், அதனால் உராய்வும் அதே விகிதத்தில் அதிகம். ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடுகிறது.

இப்போது விடைகளைப் பாருங்கள்.

உலர்ந்த சாலையில் ரப்பர் டயர் (குணகம் சுமார் 0.7): 7 மீட்டர்.
உலர்ந்த தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் (சுமார் 0.25): 20 மீட்டர்.
ஈரமும் பிசுக்கும் படிந்த தண்டவாளம் (சுமார் 0.1): 51 மீட்டர்.
உதிர்ந்த இலைகள் நசுங்கிப் படிந்த தண்டவாளம் (சுமார் 0.05): 102 மீட்டர்.

அதே வண்டி, அதே வேகம், அதே ஓட்டுநர். ஆனால் ஒரு நாள் 20 மீட்டரில் நிற்கும் வண்டி, மற்றொரு நாள் 100 மீட்டர் தாண்டியும் நிற்காமல் போகலாம்! ஆகவே டிராம் ஓட்டுநர் சாலையை மட்டுமல்ல, வானத்தையும் பார்க்க வேண்டும். கொட்டும் மழையைவிட, முதலில் விழும் தூறல்தான் அவருக்குப் பெரிய பகைவன். பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறலோ அங்குள்ள தூசியையும் எண்ணெயையும் குழைத்து ஒரு வழுக்கும் பசையாக்கிவிடும்.

இன்னொரு செய்தியும் உண்டு. உலர்ந்த நாளிலும் 20 மீட்டரில் வண்டியை நிறுத்தும்படி ஓட்டுநர் வழக்கமாகப் பிரேக் போட முடியாது. ஏனெனில் வண்டிக்குள் மக்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். வண்டி திடீரென்று நின்றாலும் அவர்களுடைய உடல் நிலைமத்தால் முன்னோக்கியே செல்லும். கையில் குழந்தையுடன் நிற்கும் தாயும், கோலூன்றி வந்த முதியவரும் விழுந்துவிடுவார்கள். எனவே சாதாரணமாக நிறுத்தும்போது எதிர்முடுக்கத்தை வினாடிக்கு வினாடி சுமார் 1.3 மீட்டர் என்ற அளவிலேயே வைத்துக்கொள்வார்கள். அப்போது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்க 38 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் ஒன்றைக் கண்ணால் கண்டு, கை இயங்குவதற்கு ஒரு நொடி ஆகும் என்று கொண்டால் அதற்கு இன்னும் 10 மீட்டர். ஆக, 48 மீட்டர். ஏறக்குறைய நான்கு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம்!

அதே வண்டி பாதி வேகத்தில் வந்தால்? நிறுத்தும் தூரம் பாதி ஆகாது, கால்பங்கு ஆகும். பத்து மீட்டருக்கும் குறைவு. ஒரு நொடிக்கான 5 மீட்டரைச் சேர்த்தாலும் 15 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். பள்ளிக்கூட வாசலில் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பது வெறும் மரியாதைக்காக அல்ல. வேகத்தின் வர்க்கம் என்னும் விதிக்காக.

வழுக்கினால் என்ன செய்வது?

பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்தினால் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும். ஆனால் வண்டி நிற்காது. நின்றுபோன சக்கரங்களுடன், பனிக்கட்டியின் மேல் செல்வதுபோல், வழுக்கிக்கொண்டே போகும். ஏன்?

உருளும் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் புள்ளியில், அந்தக் கணத்தில், சக்கரம் தண்டவாளத்தின் மேல் வழுக்குவதில்லை. அங்குச் செயல்படுவது நிலை உராய்வு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கியதும் அங்குச் செயல்படுவது இயக்க உராய்வு. இயக்க உராய்வு நிலை உராய்வைவிடக் குறைவு என்பதை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். எனவே வழுக்கும் வண்டியில் பிரேக்கை மேலும் அழுத்துவதால் பயனில்லை. சற்றுத் தளர்த்த வேண்டும்! சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும், மறுபடியும் மெதுவாக அழுத்த வேண்டும்.

இதைத் தாளில் எழுதுவது எளிது. எதிரே ஒருவர் பாதையின் குறுக்கே நிற்கும்போது, பிரேக்கைத் தளர்த்தும்படி தம் கைக்குக் கட்டளையிடுவது எளிதா? உடலின் இயல்பான உணர்ச்சி 'அழுத்து, அழுத்து' என்கிறது. இயற்பியல் 'தளர்த்து' என்கிறது. இயற்பியலின் சொல்லைக் கை கேட்கும்படி பழக்குவதற்குத்தான் அந்தப் பல வருஷங்கள் ஆகின்றன.

வழுக்கிய சக்கரத்துக்குத் தண்டனையும் உண்டு. ஒரே இடம் தேய்வதால் அங்கே ஒரு தட்டை விழுந்துவிடும். பிறகு அந்தச் சக்கரம் உருளும்போதெல்லாம் 'தடக், தடக்' என்று தன் கதையைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே போகும்.

ஓட்டுநருக்கு உதவ வேறு ஏற்பாடுகளும் உண்டு. டிராம்களில் உலர்ந்த மணல் நிரப்பிய பெட்டிகள் இருக்கும். வழுக்கும் நேரத்தில் சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவினால், வண்டியின் பளுவால் மணல் நொறுங்கி, வழுக்கும் படலத்தைக் கிழித்து, பிடிப்பைக் கூட்டும். புதிய டிராம்களில் காந்தப் பிரேக் ஒன்றும் உண்டு. இரண்டு சக்கரங்களுக்கு இடையே தொங்கும் மின்காந்தக் கட்டை, அவசர நேரத்தில் கீழிறங்கித் தண்டவாளத்தையே கவ்விக்கொள்ளும். மற்றப் பிரேக்குகள் தரும் உராய்வு வண்டியின் எடையைப் பொறுத்தது. இதுவோ காந்தத்தின் ஈர்ப்பைப் பொறுத்தது. அதுவே இதன் சிறப்பு.

கிளப்புவதிலும் ஒரு கலை

இடது கையில் இருந்த பித்தளைக் கைப்பிடிக்கு வருவோம். அதற்குக் கண்ட்ரோலர் என்று பெயர். அதைத் திருப்பும்போது 'டக், டக்' என்று படிப்படியாக நகரும். பேருந்தில் உள்ள ஆக்சிலரேட்டரைப் போல அதை ஒரேயடியாகத் திருப்பினால் என்ன?

கொல்கத்தா டிராமின் மேலே உள்ள கம்பியில் 550 வோல்ட் நேர் மின்னழுத்தம் இருந்தது. மோட்டாரின் உள்ளே சுற்றியுள்ள கம்பியின் மின்தடை மிகவும் குறைவு. கணக்குக்காக அதை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி, நிற்கும் மோட்டாரில் 550 ÷ 0.5 = 1100 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்! மோட்டார் கருகிவிடும், அல்லது பாதுகாப்புக் கருவி பெரும் ஓசையுடன் மின்சுற்றைத் துண்டித்துவிடும்.

ஆனால் மோட்டார் சுழலத் தொடங்கியதும் ஒரு வியப்பு நிகழ்கிறது. காந்தப் புலத்தில் சுழலும் கம்பிச் சுருள் தானே ஒரு மின்னியற்றியாகவும் ஆகிவிடுகிறது. அதில் தோன்றும் மின்னியக்கு விசை, கம்பியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை எதிர்க்கிறது. இதுவே எதிர் மின்னியக்கு விசை. வேகம் கூடக்கூட இதுவும் கூடும். இது 500 வோல்ட் அளவுக்கு வளர்ந்துவிட்டால், எஞ்சியிருப்பது 50 வோல்ட் மட்டுமே. அப்போது மின்னோட்டம் 50 ÷ 0.5 = 100 ஆம்பியர்தான். ஓடும் மோட்டார் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. நிற்கும் மோட்டாருக்குத்தான் காவல் வேண்டும்.

அந்தக் காவலே கண்ட்ரோலர். முதற்படியில் மோட்டார்களுடன் பெரிய தடைச்சுருள்கள் தொடராக இணைக்கப்படுகின்றன. வேகம் பிடிக்கப் பிடிக்க, ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதித் தடை விலக்கப்படும். இரண்டு மோட்டார்களும் முதலில் தொடரிணைப்பில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பாதி மின்னழுத்தமே கிடைக்கும். பிறகு அவை பக்க இணைப்புக்கு மாறும்; ஒவ்வொன்றுக்கும் முழு மின்னழுத்தமும் கிடைக்கும். நீங்கள் ஆய்வகத்தில் இரண்டு சிறு விளக்குகளைத் தொடராகவும் பக்கமாகவும் இணைத்துப் பார்க்கிறீர்களே, அதே பாடம்தான்!

ஓட்டுநர் கைப்பிடியை விரைவாகத் திருப்பினால் மின்னோட்டம் மிகும். சக்கரம் வழுக்கிச் சுழலும். பயணிகள் பின்னால் சாய்வார்கள். மிக மெதுவாகத் திருப்பினால் தடைச்சுருள்கள் சூடேறி ஆற்றல் வீணாகும். எப்போது அடுத்த படிக்குச் செல்வது? நான் பார்த்த ஓட்டுநர் எந்த மானியையும் பார்க்கவில்லை. மோட்டாரின் ஓசை உயர்வதைக் காதால் கேட்டே கைப்பிடியை நகர்த்தினார். எதிர் மின்னியக்கு விசையைக் காதால் அளந்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

வேகம் வந்தபிறகு அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். வண்டி தன் நிலைமத்தாலேயே உருண்டு சென்றது. எஃகுச் சக்கரத்தின் நன்மை இங்கே கைகொடுக்கிறது. அடுத்த நிறுத்தத்தில் எப்படியும் பிரேக் போட்டு வேகத்தை அழிக்கப்போகிறோம். வீணாக ஏன் கூட்ட வேண்டும்?

எவ்வளவு ஆற்றல் அழிகிறது தெரியுமா? 20 டன் வண்டி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சென்றால், அதன் இயக்க ஆற்றல் 10 இலட்சம் ஜூல். அது முழுவதும் வெப்பமாக மாறினால், 30 டிகிரி செல்சியசில் உள்ள சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பானை வெந்நீர்! புதிய டிராம்களிலும் மெட்ரோ ரயில்களிலும், நிறுத்தும்போது மோட்டாரையே மின்னியற்றியாக மாற்றி, இந்த ஆற்றலின் ஒரு பகுதியை மின்சாரமாகக் கம்பிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

வளைவும் ஒரு விடியற்காலையும்

திருப்பும் வேலை ஓட்டுநருக்கு இல்லை என்றோம். ஆனால் வளைவுக்கு வரும்போது அவரே பொறுப்பு. தண்டவாளம் வழி காட்டும். வேகத்தை அது குறைத்துத் தராது.

2016ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள். இலண்டன் மாநகரின் தென்பகுதியான குரோய்டனில், விடியுமுன், இருளிலும் மழையிலும் ஒரு டிராம் வந்துகொண்டிருந்தது. சாண்டிலேண்ட்ஸ் என்னும் இடத்தில், 80 கி.மீ. வேகம் வரை அனுமதிக்கப்பட்ட நேர்ப்பாதை முடிந்து, சுமார் 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு கூர்மையான வளைவு வருகிறது. அங்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 20 கி.மீ. அந்த வண்டியோ 73 கி.மீ. வேகத்தில் வளைவில் நுழைந்தது. அது கவிழ்ந்து, 7 பேர் இறந்தார்கள். 60க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

கணக்கைப் பார்ப்போம். வளைவில் செல்லத் தேவையான மையநோக்கு முடுக்கம் என்பது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது. 20 கி.மீ. வேகத்தில் அது வினாடிக்கு வினாடி 1 மீட்டர் அளவே. 73 கி.மீ. வேகத்தில் அது 13.7 மீட்டர். வேகம் மூன்றரை மடங்குக்குச் சற்று மேல். தேவையான விசையோ 13 மடங்கு!

இந்த விசையைத் தண்டவாளம் சக்கரத்தின் அடியில் தருகிறது. வண்டியின் புவியீர்ப்பு மையமோ மேலே இருக்கிறது. எனவே வண்டி வெளிப்புறமாகச் சாயப் பார்க்கும். அதை எதிர்த்து நிறுத்துவது வண்டியின் எடை. புவியீர்ப்பு மையம் தண்டவாளத்திலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். தண்டவாளங்களின் இடைவெளி 1.435 மீட்டர், அதில் பாதி 0.72 மீட்டர். முடுக்கம் 9.8 × 0.72 ÷ 1.3, அதாவது ஏறக்குறைய 5.4 மீட்டரைத் தாண்டினால் வண்டி கவிழும். 30 மீட்டர் ஆரத்தில் இது சுமார் 46 கி.மீ. வேகம். 73 கி.மீ. வேகத்தில் வந்த வண்டிக்கு என்ன நேரும் என்பதை இக்கணக்கே சொல்லிவிடுகிறது.

மற்றொரு கணக்கு. 80 கி.மீ. வேகத்தை 20 கி.மீ. ஆகக் குறைக்க, சாதாரணப் பிரேக்கில் சுமார் 178 மீட்டர் தூரம் வேண்டும். இருளில் வளைவு கண்ணுக்குத் தெரிந்த பிறகு பிரேக் போட்டால் காலம் கடந்துவிடும். வளைவு தெரியும் முன்பே, 'இங்கே அது வருகிறது' என்று மனம் அறிந்திருக்க வேண்டும்.

அன்று அந்த ஓட்டுநரின் மனம் சில கணங்கள் விழிப்பை இழந்திருக்கலாம், ஒரு குட்டி உறக்கம் அவரை ஆட்கொண்டிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். ஓட்டுநர் மயங்கினால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடு அந்த வண்டியில் இல்லையா? இருந்தது. கைப்பிடியிலிருந்து கை தளர்ந்தால் வண்டி தானே நிற்கும். ஆனால் கையின் அழுத்தத்தைத்தான் அக்கருவி அறியும். மனத்தின் விழிப்பை அது அறியாது.

2023ஆம் ஆண்டு நீதிமன்றம் அந்த ஓட்டுநரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. டிராம் சேவையை நடத்திய அமைப்புகளுக்குப் பெரும் அபராதம் விதித்தது. விபத்துக்குப் பின் அங்கே, ஓட்டுநரின் கண் சோர்வைக் கண்டறியும் கருவியும், வளைவில் அதிவேகத்தைத் தானே தடுக்கும் அமைப்பும் பொருத்தப்பட்டன. எழுபது பேரின் உயிரை ஒரே ஒரு மனிதரின் தளராத விழிப்பை மட்டும் நம்பி விடக்கூடாது என்பதே இதிலிருந்து பெறும் பாடம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வேலைக்கு வருபவரும் நம்மைப் போல் உறக்கம் வேண்டும் உடலை உடையவரே அல்லவா?

சுரங்கப் பாதை ரயில்களில் இந்தச் சுமையைக் கணினி பகிர்ந்துகொள்கிறது. டெல்லி மெட்ரோவின் ஒரு பாதையில் 2020 டிசம்பரில் ஓட்டுநர் இல்லாத ரயிலே ஓடத் தொடங்கியது. ஆனால் மெட்ரோவின் பாதையில் மாடு வராது, கைவண்டி வராது, பந்தைத் துரத்திக்கொண்டு சிறுவன் வரமாட்டான். டிராம் செல்வது எல்லாரும் நடக்கும் தெருவில். அங்கே மனிதக் கண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

செய்து பாருங்கள்

ஓர் எஃகு அளவுகோல், ஒரு ரூபாய் நாணயம், ஓர் அழிப்பான், சிறிது எண்ணெய், சிறிது நுண்மணல் எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோலின் ஒரு நுனியில் நாணயத்தை வைத்து, அந்த நுனியை மெதுவாக உயர்த்துங்கள். நாணயம் வழுக்கத் தொடங்கும்போது நிறுத்துங்கள். நுனியின் உயரத்தை, அளவுகோலின் இரு நுனிகளுக்கும் இடையே மேசையின் மேல் உள்ள கிடைத்தூரத்தால் வகுத்தால், உராய்வுக் குணகம் கிடைக்கும். அழிப்பானை வைத்துச் செய்யுங்கள். பிறகு அளவுகோலில் ஒரு துளி எண்ணெயைத் தடவி, நாணயத்தை வைத்துச் செய்யுங்கள். மூன்று விடைகளையும் ஒப்பிடுங்கள்.

கடைசியாக, அளவுகோலைத் துடைத்துவிட்டு மணலைத் தூவிச் செய்யுங்கள். நாணயம் முன்னதைவிட எளிதாக வழுக்கக் கூடும்! டிராமில் மணல் பிடிப்பைக் கூட்டும் என்றோமே, இங்கே ஏன் இப்படி? இலேசான நாணயத்தின் அடியில் மணல், குண்டுமணிகள் போல் உருள்கிறது. டன் கணக்கில் அழுத்தும் சக்கரத்தின் அடியில் அது நொறுங்கிவிடுகிறது. ஒரே பொருள், பளு மாறும்போது வேலையும் மாறுகிறது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஸ்பிரேக்கின் 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் மேட்டில், உராய்வுக் குணகம் 0.05 ஆகிவிட்டால், நிறுத்தி வைத்த டிராமுக்கு என்ன ஆகும்?

2. மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்லும் டிராம், வினாடிக்கு வினாடி 1.3 மீட்டர் எதிர்முடுக்கத்தில் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

3. வண்டியில் நிற்கும் நீங்கள், அது நிற்கப்போகிறது என்று தெரிந்தால் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்பீர்கள்? ஏன்?

மீண்டும் கல்லூரித் தெரு

கொல்கத்தாவின் கல்லூரித் தெருவில் இருபுறமும் புத்தகக் கடைகள். நான் ஏறிய டிராம் அங்கே வந்தபோது பாதை காலியாகவே இருந்தது. ஆனால் ஓட்டுநர் கைப்பிடியை வெடுக்கென்று பின்னால் திருப்பினார், மணியை மிதித்தார், பிரேக்கை மெல்லத் தொட்டார். 'எதற்கு?' என்று நான் எண்ணி முடிப்பதற்குள், ஓரமாக நின்றிருந்த சுமைவண்டியின் மறைவிலிருந்து, தலையில் புத்தகக் கட்டுடன் ஒருவர் தண்டவாளத்தின் மேல் வந்தார். டிராமைப் பார்த்துத் திகைத்து நின்றார். எங்கள் வண்டி அவருக்குச் சில அடி முன்பாக, ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. வண்டிக்குள் இருந்த பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் செய்தித்தாளைக்கூடக் கீழே இறக்கவில்லை.

"அவர் வருவது எப்படித் தெரிந்தது, தாதா?" என்று கேட்டேன்.

"சுமைவண்டிக்கு அடியில் பாருங்கள், மாஸ்டர்மொஷாய். கால் தெரியும்" என்றார்.

நிறுத்தும் தூரத்துக்கு நான் கரும்பலகையில் பலமுறை சமன்பாடு எழுதியிருக்கிறேன். அதில் உராய்வைக் கூட்டுவது நம் கையில் இல்லை. எஃகு எஃகுதான், மழை மழைதான். நம் கையில் இருப்பவை இரண்டே. ஒன்று, வேகம். மற்றொன்று, முன்னதாகப் பார்ப்பது. சுமைவண்டிக்கு அடியில் தெரிந்த இரண்டு பாதங்களை அவர் ஒரு நொடி முன்னதாகப் பார்த்தார். அந்த ஒரு நொடியின் விலை பத்து மீட்டர். அந்தப் பத்து மீட்டரின் விலை ஒரு மனித உயிர்.

அடுத்த முறை ஓட்டுநருக்குப் பின்னால் நிற்க இடம் கிடைத்தால், அவருடைய கைகளை மட்டும் பார்க்காதீர்கள். அவருடைய கண்கள் எங்கே பார்க்கின்றன என்பதையும் பாருங்கள்.